எடை போடாத கேஸுக்கு ஏன் காசு கொடுக்கிறோம்?

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் உடுமலைப் பகுதி வணிகர்களின் பழைய பிக்-அப் வண்டிகள் ஒவ்வொன்றாக ஏ.சி. மெக்கானிக் கடை வாசலில் போய் நிற்கின்றன. "ஏனுங்க, காத்து வருது, குளிரே இல்லீங்களே" என்கிறார் நம்மவர். "கேஸ் இறங்கிப் போச்சுங்ணா, போட்டுரலாம்" என்கிறார் மெக்கானிக். அரை மணி நேரத்தில் சிலிண்டரிலிருந்து ஏதோ ஏறுகிறது. கை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். சித்திரை முடிவதற்குள் மறுபடியும் வெறும் காற்று.

எத்தனை கிராம் கேஸ் போட்டார்கள்? எந்தக் கேஸ்? உள்ளே முன்பு இருந்தது எங்கே போயிற்று? இந்த மூன்று கேள்வியையும் கேட்டு வந்தவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். தராசு பிடித்துப் பிழைப்பவர்கள் நாம். நம் கடை எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும், 50 கிராம் மிளகு குறைந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார், சட்டமும் வருகிறது. அப்படிப்பட்ட நாம் கிராம் கணக்கில் விற்க வேண்டிய ஒரு பொருளைக் கண்மதிப்பில் வாங்கிக்கொண்டு வருகிறோம். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஏ.சி. கேஸ் என்பது டீசல் போல எரிந்து தீரும் பொருள் இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. டிரையர் வழியாக வந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் பீய்ச்சப்பட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, கேபின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மறுபடியும் கம்ப்ரசருக்குப் போகிறது. ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய் வழியாகவும் கம்ப்ரசர் தண்டின் சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்புதான். எட்டு பத்து வருடம் ஓடிய வண்டியில் கொஞ்சம் குறைந்திருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே கோடையில் காலியாகிறது என்றால் அது ஓட்டை. ஓட்டை டின்னில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும் கடைக்காரரைப் பார்த்தால் நாம் என்ன சொல்வோமோ, அதையே இங்கும் சொல்ல வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். குளிர் இல்லை என்றாலே கேஸ் இல்லை என்று பொருள் ஆகாது. மெக்கானிக்கிடம் போகுமுன் நாமே, அல்லது வண்டி ஓட்டும் தம்பியே, சிலவற்றைக் கவனித்துவிடலாம். எப்போது குளிரவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

பல்லடம் ரோட்டில் 60 வேகத்தில் போகும்போது நன்றாகக் குளிர்கிறது, சந்தைக்குள் லோடு ஏற்ற வரிசையில் நின்றால் சூடான காற்று வருகிறது என்றால் கேஸைத் தொடவே வேண்டாம். கன்டென்சருக்குக் காற்றுப் போகவில்லை, அவ்வளவுதான். ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்கிறது. நின்றால் பேன் செய்ய வேண்டும். பேன் மோட்டார் நின்றிருக்கலாம், அதன் பியூஸ் போயிருக்கலாம், எஞ்சினோடு சுற்றும் பேனாக இருந்தால் அதன் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். நம் ஊரில் இதற்கெல்லாம் மேல் ஒரு காரணம் உண்டு: பஞ்சு. நூற்பாலையும் பனியன் கம்பெனியும் இருக்கும் வழியில் தினமும் போய் வரும் வண்டியின் கன்டென்சரில் பஞ்சுத் தூசி படிகிறது. அதன்மேல் தேங்காய் நார்த் தூள், அதன்மேல் ஆடி மாதக் காற்று கொண்டுவரும் செம்மண். மூன்றும் சேர்ந்தால் கம்பளி போர்த்தியது போல் ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கிரில் சுத்தமாகத்தான் தெரியும். டார்ச் அடித்து, கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தைப் பாருங்கள். அங்கேதான் மெத்தை இருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் பம்பின் முழு வேகத்தில் அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். இந்த ஒரு வேலைக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம் வட்டாரத்தில் "கேஸ் போச்சு" என்று சொல்லப்படும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு இதுதான் நோய் என்பது நம் அனுபவம்.

காலையில் பொள்ளாச்சி போகும்போது குளிர்கிறது, மதியம் திரும்பும்போது இல்லை, மாலையில் மறுபடி வருகிறது. இது வேறு வகை. கம்ப்ரசரின் கப்பி பெல்ட்டோடு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முன்னால் உள்ள தட்டு, கிளட்ச் காயிலுக்கு மின்சாரம் வந்து காந்தமானால்தான் ஒட்டிக்கொண்டு சுற்றும். தட்டுக்கும் கப்பிக்கும் இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். பழைய வண்டியில் தேய்ந்து தேய்ந்து இது அதிகமாகிவிடும். காயில் சூடானால் காந்த பலம் குறைகிறது. அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடிவதில்லை. குளிர் நின்ற நேரத்தில் வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, தட்டு சுற்றுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கை வைக்க வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். பல கம்ப்ரசர்களில் தட்டுக்கு அடியில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி சரியாகிறது. கேஸைத் திறக்காமல் முடியும் வேலை.

தட்டு எப்போதுமே ஒட்டவில்லை என்றால் பியூஸ், ரிலே, வயர், பிரஷர் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மளிகைக்காரர் வண்டிக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம். இரவில் குடோன் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலி ஏறாமல் இருக்குமா? சிந்திய பச்சரிசியும் கடலைப் பருப்பும் கேபினிலேயே கிடக்கின்றன. வயரைக் கடிக்கும், புளோயர் பெட்டிக்குள் சாக்கு நூலைக் கொண்டுபோய்க் கூடு கட்டும். காற்று குறைவாக வருகிறது, நாற்றம் வருகிறது என்றால் முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் நின்று, டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி வேலை செய்கிறது என்றால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. தெர்மோஸ்டாட், அழுக்கு, சில நேரம் கேஸ் குறைவு, இந்த மூன்றில் ஒன்று. காற்றுத் திறப்பு 'வெளிக்காற்று' பக்கம் இருந்தால் எந்த ஏ.சி.யும் மதிய வெயிலை வெல்லாது. ஓட்டுநரிடம் ஒருமுறை சொல்லிவைத்தால் தீரும். ஹீட்டர் உள்ள வண்டிகளில் அதன் வால்வு சரியாக மூடாமல் வெந்நீர் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. மூணாறு மலை ஏறாத வண்டிக்கு அந்தக் குழாயையே துண்டித்து அடைத்துவிடலாம் என்று நல்ல மெக்கானிக்குகள் சொல்கிறார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கேஸ் பேச்சு வர வேண்டும். அங்கேயும் கவனம் தேவை. சிலர் வண்டி ஓடாமல் நிற்கும்போது கேஜை மாட்டி, முள்ளைக் காட்டி, "பாருங்க, பிரஷர் இருக்குது" என்றோ "இல்லை" என்றோ முடிவு சொல்லிவிடுகிறார்கள். இப்போது பெரும்பாலான பழைய வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிற்கும் வண்டியில் சுமார் 115 பவுண்டு காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதே 115. 300 கிராம் இருந்தாலும் ஏறத்தாழ அதே 115. திரவம் ஒரு சொட்டு மிஞ்சியிருக்கும்வரை அழுத்தம் மாறாது. வீட்டு அடுப்புச் சிலிண்டரும் இப்படித்தான்: 14.2 கிலோ இருக்கும்போதும் 2 கிலோ இருக்கும்போதும் அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்பது தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. ஏ.சி. கேஸ் அளவை அறியவும் எடையைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை. எஞ்சினை ஓட விட்டு இரண்டு பக்க அழுத்தத்தையும் பார்ப்பது நோயைக் காட்டும், அளவைச் சொல்லாது.

அந்த எடை எவ்வளவு? பெரும்பாலான வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கும். பிக்-அப் வண்டிகளுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவைச் சுற்றித்தான். ஸ்டிக்கர் இருந்தால் இன்றே அதை ஒரு காகிதத்தில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். "கொஞ்சம் அதிகமா போட்டா அதிகமா குளிருமுங்க" என்பது பெரிய பொய். அதிகமானால் கன்டென்சரில் இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும், குளிர் குறையும், கம்ப்ரசர் திணறும், டீசலும் கூடச் செலவாகும். சர்க்கரை கூடினால் பாகு கெட்டுப்போவதைப் போலத்தான்.

முறையான வேலை என்பது இது. ஓட்டையை முதலில் கண்டுபிடிப்பது. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேஸோடு எண்ணெயும் சுற்றுவதால் கசியும் இடத்தில் அது தெரியும். நைட்ரஜனை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். அல்லது ஒளிரும் சாயம் கலந்து விளக்கடித்துப் பார்ப்பார்கள். கல் பட்ட கன்டென்சர், குழாயின் மடிப்பு, கம்ப்ரசரின் முன் சீல், ரப்பர் வளையங்கள் ஆகியவை வழக்கமான இடங்கள். நம் உறுப்பினர் ஒருவர் இரண்டு கோடையில் நான்கு முறை கேஸ் போட்டார். ஐந்தாம் முறை வேறொருவரிடம் போனபோது, கேஸ் ஏற்றும் வாயில் சைக்கிள் டியூப் வால்வு போல இருக்கும் சிறு பின் தேய்ந்து கசிந்ததும், அதன் மூடி காணாமல் போயிருந்ததும் தெரியவந்தது. பின் மாற்றி மூடி போட்டார். முடிந்தது.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்கம் பம்பைக் குறைந்தது அரை மணி நேரம் ஓட விட வேண்டும். காற்று வெளியேறுவதோடு, அந்த வெறுமையில் உள்ளே இருக்கும் ஈரமும் ஆவியாகி வெளியே வரும். பம்பை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்தால் இன்னும் ஓட்டை இருக்கிறது. குழாய்களைத் திறந்து நெடுநாள் கிடந்த வண்டி என்றால் டிரையரை மாற்றியே ஆக வேண்டும். ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி அடைக்கும். எண்ணெயைக் கெடுத்து உலோகத்தை அரிக்கும். அதற்குப் பிறகுதான் சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் சொன்ன கிராம் குறையும்வரை ஏற்றுவது.

பிரஷர் சுவிட்சை வயர் போட்டு நேராக இணைத்து "ஓட வைத்துவிட்டேன்" என்று சொல்பவரிடம் வண்டியை விடவே கூடாது. கேஸ் குறைந்தால் எண்ணெயும் சுற்றாது. அந்த நிலையில் கம்ப்ரசர் காய்ந்து சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கம்ப்ரசர் உடைந்தால் உலோகத் தூள் கன்டென்சர் வரை பரவி, செலவு பல மடங்காகிவிடும்.

எந்தக் கேஸ் என்ற கேள்விக்கு வருவோம். 1990-களின் வண்டிகள் சிலவற்றில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால் 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி உலகெங்கும் ஒதுக்கப்பட்டது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது; 2008 ஆகஸ்டில் இங்கே அதன் உற்பத்தி நின்றது. அந்தக் காலத்து வண்டி இன்னும் யாரிடமாவது ஓடினால், ஆர்-134ஏ-வை அப்படியே அதில் ஏற்றக் கூடாது. எண்ணெயும் டிரையரும் மாற வேண்டும். இதைவிடப் பெரிய கவலை போலிச் சரக்கு. 2011-இல் வியட்நாமில் பழுது பார்க்கப்பட்ட குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலிக் கேஸ் அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது. சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த வாயுவைக் கலந்தாலும் ஏ.சி. நன்றாகவே குளிரும். கூலிங் காயில் இருப்பது ஓட்டுநரின் முழங்காலுக்கு அரை அடி தள்ளி என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு கசிவு, கையில் ஒரு பீடி. கலப்பட எண்ணெயைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. சீல் உடைக்காத சிலிண்டர், அதில் தயாரிப்பாளர் பெயர், இரண்டையும் பார்த்த பிறகு ஏற்றச் சொல்வதில் வெட்கம் ஏதும் இல்லை.

மெக்கானிக்குகள் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஓட்டை தேட அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளுக்குக் கூலி கேட்டால் நம்மவர்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள், "கேஸுக்குத்தானே காசு, பார்த்ததுக்கு என்ன காசு?" என்கிறார்கள். பார்த்துச் சொல்வதற்குக் கூலி இல்லை, ஊற்றுவதற்கு மட்டும் கூலி என்றால் எவரும் ஊற்றத்தான் செய்வார். சோதனைக் கூலியைத் தனியாகப் பேசி, மனதாரக் கொடுங்கள். கேஸ் கூலியைத் தனியாக, கிராம் கணக்கில் பேசுங்கள். பில்லில் கண்டுபிடித்த பழுது, மாற்றிய பாகம், ஏற்றிய கேஸின் பெயர், எடை ஆகிய நான்கும் எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடையில் பில் வாங்கினால் இன்னொரு லாபமும் உண்டு: சரக்கு வண்டியின் பழுதுச் செலவுக்குக் கட்டிய வரியை, தொகுப்பு வரித் திட்டத்தில் இல்லாத வணிகர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். குடும்பக் காருக்கு அந்தச் சலுகை இல்லை. சரக்கு வண்டிக்கு உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரக்கு வண்டிக்கு ஏ.சி. எதற்கு என்று கேட்கும் மூத்த உறுப்பினர்களும் இருக்கிறார்கள். மாட்டு வண்டியிலும் 407-லும் விருதுநகர் பருப்பும் ஈரோடு மஞ்சளும் கொண்டுவந்த தலைமுறை அது. அவர்கள் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் 2024 அக்டோபரில் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்று ஆணையிட்டிருக்கிறது. மத்திய அரசு, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதி செய்தது. நம் பிக்-அப்கள் அந்த எடைக்குக் கீழே இருப்பதால் விதிக்குள் வரவில்லை. ஏற்கெனவே ஓடும் பழைய வண்டிகளும் வரவில்லை. லாரி ஓட்டுநருக்கு அரசு கவலைப்படுகிறது. நம் வண்டி ஓட்டும் தம்பிக்கு நாம்தான் கவலைப்பட வேண்டும். பங்குனி மதியத்தில் தாராபுரம் ரோட்டில் கண்ணாடியை ஏற்றினால் அவிகிறது, இறக்கினால் அனல் அடிக்கிறது. அப்படி நான்கு மணி நேரம் ஓட்டியவர், இறங்கி 50 கிலோ மூட்டையும் தூக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரு விபத்து நடந்தால் வரும் செலவின் முன்னால் டிரையரும் ரப்பர் வளையமும் எம்மாத்திரம்?

எல்லா வண்டிக்கும் செலவழிக்கச் சொல்லவில்லை. கம்ப்ரசரும் கன்டென்சரும் இரண்டுமே போய், இன்னும் ஒரு வருடத்தில் விற்கப்போகிற வண்டிக்குப் புதுப் பாகம் போடுவது வீண். ஏற்கெனவே எஞ்சின் சூடேறும் வண்டியில் ஏ.சி.யைப் பழுது பார்ப்பதற்கு முன் ரேடியேட்டரைக் கவனிக்க வேண்டும். கேபின் கதவு ரப்பர் கிழிந்து ஆகாயம் தெரிகிற வண்டியில் எந்தக் கேஸும் நிற்காது என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். கேஸ் நிற்கும், குளிர்தான் நிற்காது. முதலில் ரப்பரை மாற்றுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் தராசு, வேக்கம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர் மூன்றும் வைத்து, எடை எழுதி பில் கொடுக்கச் சம்மதிக்கும் மெக்கானிக்குகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அலுவலகப் பலகையில் ஒட்டலாம். உறுப்பினர்களின் வண்டிகள் மொத்தமாக அவர்களிடம் போகும் என்றால் சோதனைக் கூலியையும் ஒரே விலையாகப் பேசி முடிக்கலாம். வெயில் ஏறிய பிறகு அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தை மாதம் கடை காலியாகத்தான் இருக்கும். எட்டு வருடம் கடந்த வண்டிக்கு எப்.சி. ஆண்டுதோறும் வருகிறது. அதற்காக வண்டி எப்படியும் ஒரு நாள் ஓடாமல் நிற்கும். கன்டென்சரைக் கழுவவும், கிளட்ச் இடைவெளியைப் பார்க்கவும், வால்வு மூடி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் அந்த ஒரு நாள் போதும். பட்டியலில் சேர விரும்பும் மெக்கானிக்குகளைத் தெரிந்தவர்கள், அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்து வரலாம். வரும்போது அவர்களுடைய தராசையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.